லென்ஸில் பூஞ்சை

இந்தத் தீவின் ஈரம் எதையும் விட்டுவைப்பதில்லை.
அரிசி மூட்டை, சப்பாத்து, அடுத்தவர் கல்யாண ஆல்பம்,
இப்போது என் லென்ஸ்.
கண்ணாடிக்குள் வெள்ளை வெள்ளையாய் நூல் விட்டிருந்தது.
"ஒம்போது நாளாகும்ணே" என்றான் ரெஜினால்டு.
பாடியையும் சேர்த்து உள்ளே வைத்துக்கொண்டான்.
இரவல் தர ஒன்றுகூட இல்லையாம்.
ரசீதில் என் பெயர் ஓர் எழுத்துக் குறைவு.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை.
நல்லதென்று தூங்கினேன்.

மறுநாள், பட்டர்வொர்த் போகும் ஏழரை மணி பெர்ரி.
மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற
ஒருவரும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
முப்பது கண்ணாடியிலும் ஆளுக்கொரு சூரியன்.
ஒருவன் மட்டும் திரும்பி நின்றான்.
அவனுடையதில்
விட்டுவந்த கரை, கொம்தார் கோபுரம், ஒரு மேகத் துண்டு.

கைபேசி இல்லையா என்பீர்கள்.
இருந்தது. வியர்த்த விரலை
இரண்டு முறை யாரென்று கேட்டது.
மூன்றாம் முறை திறந்துகொண்டு
என் மூக்கைக் காட்டியது.
அதற்குள் பெர்ரி திரும்பி
சூரியன்கள் எல்லாம் இறங்கிவிட்டன.

அதற்கப்புறம் இரண்டு நாள்
தலையைக் குனிந்தே நடந்தேன்,
எதுவும் கண்ணில் படக்கூடாதென்று.
கீழேயும் நடந்துகொண்டுதான் இருந்தது:
சாக்கடைக்குள் ஓர் உடும்பு,
முதுகில் யாரோ தவறவிட்ட லாட்டரிச் சீட்டு ஒட்டியிருக்க,
நிதானமாக ஜெலுத்தோங் பக்கம் போனது.

ஐந்தாம் நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.
பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில்
மாம்பழ நிறப் பட்டை இடுப்பில் செருகிக்கொண்டு
தெருவோரம் குந்தியிருந்தாள் மணப்பெண்,
கழன்ற செயினைப் பல் பல்லாக ஏற்றியபடி.
மாப்பிள்ளை இரண்டு மாலையையும்
தரையில் படாமல் உயர்த்திப் பிடித்து
மின்கம்பம் மாதிரி நின்றான்.
பதினேழு வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறேன்.
முகவாயைத் தூக்குங்க, கொஞ்சம் சிரிங்க,
இன்னும் கொஞ்சம் நெருக்கமா...
இவர்கள் யாரும் சொல்லாமலே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
"அண்ணே, துணி இருக்கா?" என்றாள்.
லென்ஸ் துடைக்கிற துணிதான் பையில் இருந்தது. கொடுத்தேன்.
திரும்பி வந்தபோது அதில்
ஐந்து கருப்பு விரல்.

பசித்த ஆவிகளின் மாதம் அது.
ஏழாம் நாள், கீழ்வீட்டு மிஸஸ் ஊய்
கார்னர்வன் தெருவிலிருந்து
பை நிறையக் காகிதம் வாங்கி வந்தார்:
காகிதப் பணம், காகிதச் சட்டை, ஒரு காகிதக் கேமரா.
மூன்று வருஷத்துக்கு முன் போன கணவருக்கு.
"நீ படக்காரன், சொல். இது நல்ல மாடலா?"
கையில் வாங்கிப் பார்த்தேன். கனமே இல்லை.
லென்ஸ் மூடியைப் போட்டபடியே அச்சடித்திருந்தார்கள்.
"பாகூஸ்" என்றேன்.

தகர டின்னில் தீ பிடித்தது.
பணம் சுருண்டது. சட்டை ஒரு கையைத் தூக்கியது.
கேமராவில் முதலில் எரிந்தது அந்த மூடிதான்.
வட்டமாக, விளிம்பு சிவந்து,
இமை போலத் திறந்தது.
உள்ளிருந்து ஒரு வெளிச்சம்
எங்கள் இருவரையும் பார்த்தது.
என்னையறியாமல் முகவாயைத் தூக்கினேன்.
மிஸஸ் ஊய்
முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்.

எடுத்தாரோ என்னவோ.

"சோதிச்சுப் பாருங்கண்ணே" என்றான் ரெஜினால்டு.
அந்தக் கடையில் எதை எடுப்பது?
சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்தேன்.
பூஞ்சை இல்லை, கலங்கல் இல்லை.
ஒன்பது நாளும் கட்டம் கட்டமாக
அத்தனை துல்லியமாய் விழுந்திருந்தன, காலியாக.
சனி ஞாயிறுக்கு மட்டும்
நகத்தளவு ஒரு பந்தயக் குதிரை,
நான்கு காலும் தரையில் படாமல்.